முன் விளக்கின் அழுக்கு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. அதற்கு வரலாறு என்று ஒன்று இருந்தால், அதன்மேல் யார் யார் எதைப் பூசினார்கள், எதைக் கட்டினார்கள், எதைத் திருடினார்கள் என்பதுதான் அது. கல்யாணமாகி ஆற்றுமுகத்து ஊரான இந்தக் கோத்தா கோலா மூடாவுக்கு வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு அந்தக் கம்பத்தின்மேல் பக்தி ஒன்றும் வரவில்லை. அதைத் தொடுகிற கைகளின்மேல் அருவருப்புதான் வந்தது.

பெரிய கலங்கரை விளக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி உயரத்துக்கு இரும்புக் கம்பம், பக்கத்தில் ஏணி, உச்சியில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு வெள்ளை விளக்கு. அவ்வளவுதான். இதற்கு ஒரு ஜோடி உண்டு. கிராமத்து வீடுகளுக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு நடுவே, இதைவிட உயரமான இன்னொரு விளக்கு நிற்கிறது. இது முன் விளக்கு, அது பின் விளக்கு. கடலிலிருந்து வருகிறவனுக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் அவன் தூர்வாரி வைத்த வழியில் இருக்கிறான், நேராக ஆற்றுக்குள் வந்துவிடலாம். முன் விளக்கு இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் படகை இடப்பக்கம் திருப்ப வேண்டும், வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்கம். ஒன்று அணைந்துபோனால் மற்றதால் ஒரு பிரயோசனமும் இல்லை. வழிக்கு இரண்டு புறமும் மணல்திட்டு. நீர் வற்றும் நேரத்தில் அதன்மேல் அலை உடைகிற சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும்.

என் கணவர் படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். மலாய்க்காரர்களும் சீனர்களும் கடலுக்குப் போகிற இந்த ஊரில், படகு வைத்திருக்கிற ஒரே தமிழர் அவர்தான் என்று நினைக்கிறேன். சின்னப் படகு. வார இறுதியில் தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். பெரிய படகுகளில் இருப்பது போலத் திரை வைத்த கருவி எதுவும் அதில் கிடையாது. இருட்டுகிற நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து சேர்வது அந்த இரண்டு விளக்கை நம்பித்தான். அதனால் பொழுது சாயும்போது சோற்றை வடித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து முன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். சிலர் அந்த நேரத்தில் சாமி விளக்கு ஏற்றுவார்கள். நான் ஏற்கெனவே எரிகிற விளக்கைப் போய்ப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டில் கருவாடு விற்கிற மலாய்க்கார அம்மாள் இருந்தார். மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விளக்கின் பழைய கதையெல்லாம் அவர் சொன்னதுதான். முதலில் கண்டல் கம்பு ஒன்றை நட்டு அதில் மண்ணெண்ணெய் லாந்தர் தொங்கவிட்டிருந்தார்களாம். அவர் வீட்டு ஆண்கள்தான் ஏற்றுவார்களாம். கதை சொல்லும்போது மக்சிக் முகத்தில் பெருமை ஏதும் இருக்காது. அந்தப் புகை பிடித்த கையைத் திரைச்சீலையிலும் தலையணையிலும் துடைத்தார்கள் என்று திட்டிக்கொண்டேதான் சொல்வார். பிறகு எரிவாயுத் தோம்பு, அதாவது உருளை, வைத்த விளக்கு வந்தது. தோம்பு வைத்த பெட்டிக்குள் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தியது. அப்புறம் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். கம்பியில் செம்பு இருந்ததால் அதை அறுத்துக்கொண்டு போனார்கள். இத்தனையையும் கேட்டபோதே இந்த அம்மாளும் நானும் ஒரே ஜாதி என்று எனக்குப் புரிந்துவிட்டது. அழுக்கைப் பார்த்தால் இருவருக்கும் சோறு இறங்காது.

சுனாமி வந்தபோது முன் விளக்கு போய்விட்டது. கொஞ்ச காலம் ஒரு மூங்கிலில் கைவிளக்கைக் கட்டி ஒப்பேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் சிமெண்ட் திண்டு, இரும்புக் கம்பம், சூரியத் தகடு, மின்கலம் எல்லாம் வந்தன. பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். வர்ணம் காயவில்லை. அவர் அதில் கையை ஊன்றி நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளையை என் வீட்டுக் குழாயில் வந்து கழுவிக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாயின் பிடியில் அந்த வர்ணம் இன்னும் இருக்கிறது. அடுத்து மின்கலத்தைத் திருடினார்கள். ஏணிக்குக் கீழே யாரும் ஏறாமலிருக்க ஒரு கம்பிக் கதவு வைத்துப் பூட்டியிருந்தார்கள். திருடன் அந்தப் பூட்டை உடைத்தான். கடல் இலாகாவிலிருந்து வந்தவர்கள் புது மின்கலம் வைத்தார்கள், புதுப் பூட்டு வைக்கவில்லை. கேட்டதற்கு, பூட்டு வேறு பகுதியின் வேலை என்றார்கள்.

பின் விளக்குக்கு இப்படியெல்லாம் நேர்ந்ததே இல்லை. அதற்கு வேலி உண்டு, பக்கத்தில் நாய் வளர்க்கிற ஒரு சீனர் உண்டு.

சரி, மற்றவர்களைச் சொன்னது போதும். நம் ஆட்களைச் சொல்கிறேன்.

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் யாராவது இறந்துபோனால் மறுநாள் சாம்பலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு வர வேண்டும். கோலா கெத்திலிலிருந்தும் கூலிமிலிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு இந்த ஆற்று முகத்துக்குத்தான் பலரும் வருகிறார்கள். ஆறும் கடலும் சேருகிற இடம் விசேஷமாம். சாவு வீட்டுக்காரர்களைக் குறை சொல்வது பாவம், தெரியும். ஆனால் அவர்கள் போன பிறகு அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். உடைந்த மண்சட்டி, நசுங்கிய வாழைப்பழம், எண்ணெய்ப் பாக்கெட், மாலை, இறந்தவரின் சட்டை, சோறு வாங்கி வந்த பொட்டலம், குழந்தைக்குக் கட்டிய நாப்பி. கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது சம்பிரதாயம். நம் ஆட்கள் தப்பாமல் கடைப்பிடிக்கிற ஒரே சம்பிரதாயம் அதுதான். நீர் ஏறும்போது அத்தனையும் மிதந்து என் வீட்டு வடிகாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் நாசூக்குக்காரி இல்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் கட்டிப்பால் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டினவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அதே தோட்டத்தில் காவலுக்கு நின்றார். அவர் சட்டையில் இருந்த வாடை வேலையின் வாடை. அது எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. இது வேறு. இது, எவளோ ஒருத்தி கூட்டுவாள் என்ற நினைப்பின் நாற்றம்.

கடற்காற்றில் சூடம் நிற்காது. முன் விளக்கின் சிமெண்ட் திண்டு காற்றை மறைக்கும். அதனால் யாரோ ஒருவர் அதன் ஓரத்தில் சூடம் ஏற்றினார். அடுத்து வந்தவர் கரி பிடித்த இடத்தைப் பார்த்து இதுதான் ஏற்றுகிற இடம் போலிருக்கிறது என்று தானும் ஏற்றினார். பிறகு இரண்டு செங்கல் வந்தது. ஒருநாள் சூலம் ஒன்று முளைத்திருந்தது. கம்பத்தின் காலில் மஞ்சள் துணி கட்டினார்கள். இறந்தவர்களின் ஆத்மாவுக்குக் கடலில் வழிகாட்டுகிற விளக்கு என்று யாரோ கைப்பேசியில் பேசிப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு துணி ஏறத் தொடங்கியது. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. எண்ணெய் வேறு ஊற்றினார்கள். கம்பம் பிசுபிசுவென்று, தூசியும் கொசுவும் ஒட்டிக்கொண்டு, குங்குமக் குழம்பு வழிந்து நிற்கும்.

நான் வாராவாரம் கத்தியும் கம்பும் எடுத்துக்கொண்டு போய்த் துணிகளை அறுத்துக் குப்பையில் போடுவேன். ஒருமுறை வேனில் வந்த ஒருவர், நீயெல்லாம் தமிழ்ப் பொம்பளையா என்று கேட்டார். ஆமாம், அதனால்தான் விளக்குமாறு கையில் இருக்கிறது என்றேன். என் கணவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். அவ்வப்போது ஏறிக் கூண்டின் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு இறங்குவார். காக்கை எச்சம் விளக்கை மறைத்துவிடும் என்பது அவர் கவலை.

“கால்ல கட்டுனா கட்டிட்டுப் போறாங்க லா,” என்பார். “தலையில கட்டாம இருந்தா சரி.”

என் அப்பா இறந்தபோது நான் தோட்டத்துக்குப் போனேன். மகள் வீட்டிலிருந்து கோடித் துணி கொண்டுபோக வேண்டும். சுங்கை பட்டாணியில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கி, மெல்லிய பச்சைக் கரை போட்ட ஒரு பருத்தி வேட்டி வாங்கினேன். பளபளப்பான துணி அப்பாவுக்கு ஆகாது. விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, எண்ணெய உறிஞ்சாத துணி என்ன துணி என்பார். பழைய வேட்டியை அவர் ஒருநாளும் எறிந்ததில்லை. சதுரமாகக் கிழித்து மோட்டார் சைக்கிள் துடைக்க வைத்துக்கொள்வார். அவருடைய மோட்டார் சைக்கிள்தான் லயத்திலேயே சுத்தமானது. அந்தச் சுத்தம் மட்டும்தான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து.

கோடிகள் நிறைய வந்துவிட்டன. சவப்பெட்டிக்குள் இடமில்லை. மேலே போட்டுக் காட்டிவிட்டுச் சிலவற்றை எடுத்து வைத்துவிட்டார்கள். என்னுடையதும் அதில் ஒன்று என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்துக் கோவில் கமிட்டிக்குத் தலைவர். நல்லவர் என்றுதான் சொல்வார்கள். எந்தக் காரியத்திலும் முன்னால் நிற்பார், துண்டை இடுப்பில் கட்டுவார், சத்தமாகப் பேசுவார். அப்பாவின் சாம்பலை என் கணவரின் படகிலேயே கொண்டுபோய்க் கரைப்பது என்று முடிவாயிற்று. நீர் உச்சத்தில் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிட வேண்டும், மதியத்துக்கே வந்துவிடுங்கள் என்று என் கணவர் சொல்லியனுப்பினார். அவர்கள் வந்தபோது நிழல் நீண்டுவிட்டது. கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வர வேண்டிய சொந்தக்காரர் ஒருவருக்காகக் காத்திருந்தார்களாம். நீர் வற்றத் தொடங்குகிறது, வரும்போது இருட்டிவிடும், நாளைக் காலையில் போகலாமே என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார். சாம்பலை ராத்திரி வைத்திருக்கக் கூடாது என்று அண்ணன் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். மாமனார் காரியம். இவர் என்ஜினைப் பார்க்கப் போய்விட்டார்.

நானும் அண்ணியும் மற்றப் பெண்களும் வீட்டில் தங்கிவிட்டோம். படகில் போகிறவர்கள் கடலில் முழுக வேண்டும் என்பதால் கைப்பேசிகளையெல்லாம் அண்ணியின் கைப்பையில் போட்டுவிட்டுப் போனார்கள். என் கணவர் எப்போதும் தம்முடையதை வீட்டில் தகர டப்பாவில் வைத்துவிட்டுத்தான் போவார். அவர்களோடு வந்த பண்டாரம் விளக்குத் திண்டின் பக்கத்தில் சாம்பலை வைத்துச் சடங்கு செய்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வருகிறவர்களுக்குத் தேநீர் போடவும் குளிக்க வெந்நீர் வைக்கவும் வேலை சரியாக இருந்தது. படகு கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்பா போகிறார் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

பண்டாரம் வேறொரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கரையிலேயே விடைபெற்றுப் போய்விட்டார். சூராவில், அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில், மாலைப் பாங்கு ஒலித்தது. நான் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தேன். வீடுகளுக்குப் பின்னால், தென்னைகளுக்கு மேலே, பின் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முன் விளக்கைக் காணவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். உச்சியில் ஏதோ உருண்டையாக இருந்தது. அதற்குள்ளிருந்து காமாலைக் கண் போல ஒரு மங்கல் மட்டும் கசிந்தது. கரையில் நிற்கிற எனக்கே அப்படியென்றால் கடலில் இருக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. மணல்திட்டில் அலை உடைகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெண்களும் பின்னால் வந்தார்கள். அடியில் நின்று வெளிச்சம் அடித்துப் பார்த்தால், கூண்டைச் சுற்றி மஞ்சளில் நனைத்த வேட்டி. சுற்றிச் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டி, அதன்மேல் மாலை வேறு.

யார் கட்டியது என்று கேட்டேன். அண்ணிதான் பதில் சொன்னார். கீழே கட்டினால் யாரோ அறுத்து எறிந்துவிடுகிறார்களாம். அதனால் அண்ணனே ஏணியில் ஏறி, யாருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து உச்சியில் கட்டினாராம். அப்பாவுக்கு வழி நன்றாகத் தெரிய வேண்டுமாம்.

நான் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். அண்ணி என் கைலியைப் பிடித்தார்.

“அது ஒங்கப்பாவுக்குக் கட்டுனது. அவுத்தா குடும்பத்துக்கு ஆகாது.”

“என் புருசன் கடல்ல இருக்காரு, அண்ணி. ஒங்க புருசனும் அங்கதான் இருக்காரு.”

“அவரு வந்து அவுப்பாரு. கட்டுனவங்கதான் அவுக்கணும்.”

அவர் வந்தால்தான் அவிழ்ப்பார், அவிழ்த்தால்தான் அவர் வருவார். அண்ணியின் கையை உதறிவிட்டு ஏறினேன். ஏணிப் படியெல்லாம் எண்ணெய். எத்தனை பேர் ஊற்றியதோ, அதில் கடல் உப்பும் சேர்ந்து பசையாகி இருந்தது. செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். விரல்களுக்கு நடுவே அந்தப் பசை ஏறியது. எனக்கு உயரம் பயமில்லை, அந்த ஈரம்தான் பயம். உச்சிக்குப் போனதும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் ஊறி இறுகிப்போயிருந்தது. கத்தியை எடுத்து வரத் தோன்றவில்லை. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சள், எண்ணெய், காக்கை எச்சம், எல்லாம் வாய்க்குள். வாந்தி வந்தது. விழுங்கிக்கொண்டு இன்னும் இழுத்தேன். முடிச்சு விட்டது.

துணி விலகியதும் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண் கூசி, கையிலிருந்த துணியைக் குனிந்து பார்த்தேன். மெல்லிய பச்சைக் கரை.

நான் வாங்கிய வேட்டிதான்.

அப்படியே ஏணியில் நின்றுகொண்டு கடலைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வழிக்கு எங்கோ வடக்கே, திட்டின் விளிம்பில் அங்கேயும் இங்கேயும் அலைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அது நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, வழிக்கு வந்து, நேராக என்னைப் பார்த்து வரத் தொடங்கியது. வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

படகு கரை சேர்ந்தபோது அடிப்பக்கம் மணலில் தேய்ந்து, என்ஜின் விசிறியின் ஓர் இதழ் மடங்கியிருந்தது. எல்லாரும் நனைந்து நடுங்கினார்கள். கூலிம் சொந்தக்காரர் இறங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கணவரின் நெற்றியில் எதிலோ இடித்து ரத்தம் வழிந்தது. அண்ணன் இறங்கினார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார்.

“யாரு துணிய அவுத்தது?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அப்பா செத்துச் சாம்பல் கரைந்த அன்றைக்கே அவர் துணியை உருவிவிட்டாயே, நீ ஒரு மகளா என்று அவர் கத்தினார். கிராமத்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வாயில் இன்னும் அந்த ருசி இருந்ததால் நான் துப்பினேன். அதையும் அவர் தமக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டார். என் கணவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அண்ணனையே பார்த்தார். பிறகு மறுபடி கயிற்றைக் கட்டினார். அவர்கள் குளிக்காமல், தேநீர் குடிக்காமல், வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் நெற்றிக் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

“முன் லம்பு ஏன் எரியலன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். மின்கலம் போச்சா, எவனாச்சும் களவாண்டுட்டானா, கெளம்புறப்ப யாராச்சும் பாத்தீங்களான்னு. எல்லாரும் தெரியாதுன்னாங்க. ஒன் அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. கையக் கட்டிக்கிட்டு தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தாரு.”

தெரிந்திருக்குமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரியும். பின் விளக்கு தனியாக எரிவதைப் பார்த்த அந்த நிமிடமே அண்ணனுக்குப் புரிந்திருக்கும். கட்டியது நான்தான், விளக்கு எரிகிறது, துணிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். என் கணவர் அதற்கு மேல் திட்டின் பக்கம் தேடப் போயிருக்க மாட்டார். ஆழத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, பெரிய படகு எதுவும் வந்தால் அதன் பின்னால் வந்திருப்பார். ஆனால் மைத்துனன் முன்னால், கூட வந்தவர்கள் முன்னால், தவறு தம்முடையது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்திருக்கும். கமிட்டித் தலைவருக்கு அது வாயில் வரவில்லை. படகு கவிழ்ந்திருந்தால் கவிழ்ந்திருக்கும். செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

குப்பை, எச்சம், எண்ணெய், அழுகின பழம், எல்லாவற்றையும் நான் கையால் அள்ளியிருக்கிறேன். அள்ளிவிட்டுச் சவுக்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். அந்த மௌனத்தை நினைத்தால் வருகிற அருவருப்புக்கு எதைப் போட்டுக் கழுவுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் அன்பினால்தான் கட்டினார் என்பதையும் நான் மறுக்கவில்லை. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. கருமாதிக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் துணியைப் பல்லால் கிழித்தவள் என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். அன்று படகில் நடந்ததைப் பற்றி அவர்களில் எவரும் பேசுவதில்லை. வேன்கள் வழக்கம்போல வருகின்றன. சூலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சூலம் வந்திருக்கிறது. படகு மணலில் தட்டிய கதை எப்படியோ பரவி, சாமிக்குச் சரியாகப் படைக்காததால் வந்த வினை என்று ஆகி, இப்போது முன்பைவிடக் கூடுதலாக எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே கம்பத்தைச் சுற்றி வந்து, கதவுக்கு ஒரு பூட்டை மாட்டினார். சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தன் வேலையை ஒரு வீட்டுக்காரியின் தலையில் கட்டுகிறோமே என்ற கூச்சம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. நானும் வாங்கிக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் நான் தூங்க மாட்டேன்.

அந்த வேட்டியைக் கடலில் விட்டுவிடச் சொன்னார்கள், கோவிலில் சேர்க்கச் சொன்னார்கள். மக்சிக் மட்டும் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். துவைத்தேன். மஞ்சள் முழுசாகப் போகவில்லை. காய்ந்ததும் சதுரமாகக் கிழித்தேன். கிழிக்கும்போது கை சரியாக அப்பாவின் அளவுக்கே போனது.

வெள்ளிக்கிழமை தோறும் பூட்டைத் திறந்து நான்தான் ஏறுகிறேன். படியைத் துடைத்துக்கொண்டே போவேன். உச்சியில் கூண்டின் கண்ணாடியை நான்கு பக்கமும் துடைப்பேன். துடைத்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல், கணவரின் படகு வெளியே போயிருந்தால் அதுவும் தெரியும்.

நல்ல பருத்தி. எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது.